சம்பந்தி போகாத வடக்கு ரோடு

எனக்கு எழுபத்து நான்கு வயது. நான்கு பேரை வளர்த்து ஆளாக்கினேன். மூன்று நான் பெற்றவை, ஒன்று என் நாத்தனார் கைக்குழந்தையாக விட்டுவிட்டுப் போனது. நான்கு பேரையும் படிக்க வைத்தேன். நான் படிக்கவில்லை. இதை வாய்விட்டுச் சொல்வது இதுதான் முதல் தடவை.

எழுதுவதும் என் கை இல்லை. பேத்தியின் பழைய போனைப் பிடித்துக்கொண்டு நான் பேசுகிறேன், அது எழுதுகிறது. எங்கள் ஊர்ப் பேச்சு அதற்கு அவ்வளவாகப் பிடிபடுவதில்லை. ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோலத் திருத்தமாகச் சொன்னால்தான் எழுத்து ஒழுங்காக விழுகிறது என்று பேத்தி சொன்னாள். அப்படியே சொல்கிறேன். மற்றவர்கள் பேசியதை மட்டும் அவர்கள் பேசியபடி சொல்கிறேன். தினமும் கொஞ்சம் என்று பதினோரு நாளாக இது நடக்கிறது.

போன வருஷம் ஜூன் மாதம் என் மகன் குடும்பம் காரில் வடக்கே போனது. பக்கத்து வடக்கு இல்லை. அமெரிக்காவில் நாங்கள் இருக்கிற இந்த ஃப்ரீமான்டில் கிளம்பி, இரண்டு மாநிலம் தாண்டி, கனடாவுக்குள் நுழைந்து, அங்கே நாள்கணக்கில் காட்டுக்குள்ளேயே ஓட்டி, அலாஸ்காவில் ரோடு முடிகிற இடம் வரைக்கும். கடைசியில் தார் ரோடுகூடக் கிடையாது, வெறும் ஜல்லி. அந்தக் காரில் இன்னொரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். என் சம்பந்தி, மருமகளின் அப்பா. அவர் போகவில்லை. போகாததற்குக் காரணம் நான். அது அவரையும் என்னையும் தவிர இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

சம்பந்தி நாமக்கல்லில் லாரி ஓட்டியவர். சொந்த லாரி இல்லை, முதலாளி லாரி. எங்களுக்கு ஊரில் தோட்டம், இரண்டு கிணறு, ஊர்க் கூட்டத்தில் முன்வரிசை நாற்காலி எல்லாம் உண்டு. என் மகன் கூடப் படித்த பெண்ணைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றபோது நான் கேட்ட முதல் வார்த்தை, "டிரைவர் ஊட்டுலயா பொண்ணு எடுக்கறது?" என்பதுதான். அது அவர் காதுக்கும் எப்படியும் போயிருக்கும். கல்யாணத்தன்று என் முன்னால் கைகூப்பி நின்றார். நான் மண்டபத்தின் பந்தல் சரியில்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

மருமகள் அந்தப் பயணத்துக்கு ஜனவரியிலேயே வேலையைத் தொடங்கிவிட்டாள். சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒரு ஆள் உயரத்துக்கு மேப் ஒட்டினாள். எனக்குப் புரியட்டும் என்று பேத்தி முக்கியமான ஊர்ப் பெயர்களைத் தமிழில் எழுதி மேலே ஒட்டினாள். அவள் சனிக்கிழமை தோறும் தமிழ்ப் பள்ளிக்கூடம் போகிறவள். பேசுவதெல்லாம் இங்கிலீஷ், எழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேப் முன்னால் நின்று, "ம், நல்லா எழுதிருக்கற" என்பேன். ஒரு பெயரையும் முழுசாகப் படித்தது இல்லை.

எதற்கு இந்தக் காட்டு வழி என்று ஒருநாள் மருமகளைக் கேட்டேன். அவள் கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா ஜம்மு போவாரு, அஸ்ஸாம் போவாரு அத்தை. ஒண்ணரை மாசம் கழிச்சு வந்து, போன ரோட்டையெல்லாம் பேப்பர்ல வரைஞ்சு காட்டுவாரு. ஒரே ஒரு தடவை என்னைய லாரில கூட்டிட்டுப் போறேன்னாரு. பொம்பளப் புள்ளைய லாரில அனுப்ப மாட்டேன்னுட்டாங்க எங்கம்மா. அவரு ஓட்டி நான் பக்கத்துல உக்காந்து தூரமா போனதே இல்ல. இப்ப நான் ஓட்டறேன், அவரு பக்கத்துல உக்காரட்டும். அவ்ளோதான்."

அவளுடைய அம்மா இறந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

மார்ச்சில் சம்பந்தி வந்து இறங்கினார். அதற்குப் பிறகு சாயங்காலம் ஆனால் மேசையைச் சுற்றிக் கூட்டம்தான். மகன், மருமகள், பேத்தி மூன்று பேரும் லேப்டாப்பைப் பார்ப்பார்கள். அவர் மேப்பை விரலால் தடவிக்கொண்டு போவார்.

"ஸ்டெப்னி ஒண்ணு பத்தாது சாமி. ரெண்டு வேணும்."

"கார்ல இடம் இல்லப்பா."

"மேல போட்டுக் கட்டு. கயிறு எதுக்கு இருக்குது?"

என் மகன் சிரித்தான். "மாமா, இது நாமக்கல் லாரி இல்ல. மேல வெயிட் லிமிட் இருக்கு."

"அப்ப துணிமணியக் கொறைங்க மாப்ள. ஜல்லி ரோட்டுல டயர் வெடிச்சா சட்டையவா மாட்டுவீங்க?"

அம்மாவின் அப்பாவைப் பேத்தி அப்பிச்சி என்றுதான் கூப்பிடுவாள். விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பிச்சி இஸ் ரைட், டாட்." இரண்டு ஸ்டெப்னி என்று லிஸ்டில் ஏறியது. முன்னால் போகிற வண்டி ஜல்லியை அடித்தால் கண்ணாடி தெறிக்கும், அதனால் தள்ளியே ஓட்ட வேண்டும் என்றார். அதுவும் ஏறியது. ஏதாவது அச்சடித்த தாள் கையில் வந்தால் தயங்காமல் பேத்தியிடம் நீட்டிவிடுவார்.

"இதென்ன போட்டிருக்குது? படிச்சு சொல்லு சாமி."

"இங்க பங்க் விட்டா நெக்ஸ்ட் பங்க் இருநூத்தி நாப்பது மைல், அப்பிச்சி."

"அப்ப கேன்ல பெட்ரோல் எடுத்துக்கோணும். எழுதிக்கோ. எனக்கு எழுத்து நாலாவதோட சரி. ரோடுன்னாத்தான் படிப்பேன்."

சின்னக் குழந்தையிடம் இப்படிக் கூச்சமில்லாமல் கேட்கிறாரே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசும். நான் சோபாவில் மடியில் வாரப் பத்திரிகையை விரித்து, அவ்வப்போது பக்கத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பேன். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் எவ்வளவு வேண்டும் என்பதைத் தவிர.

கிளம்புவதற்கு ஒரு புதன்கிழமையைக் குறித்திருந்தார்கள். நாள் காலண்டர் ஒன்றுதான் நான் கண்ணாலேயே பார்த்துப் பழகியது. அதில் எந்தக் கட்டத்தில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். "புதன்கிழமை வடக்கே சூலம். வடக்க போறவங்க யாராவது புதன்கிழமை கெளம்புவாங்களா?" என்றேன். எல்லோரும் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவேளை எல்லாவற்றையும் மாற்றிப்போடுவார்களோ என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது உண்மை.

சம்பந்திதான் பதில் சொன்னார். "பாலக் குடிச்சுட்டுக் கெளம்பலாமுங்க சம்பந்தி. முப்பது வருசம் அப்படித்தானுங்க வண்டிய எடுத்தேன். லோடு ஏத்திட்டா முதலாளி சூலம் பாக்க உடுவாருங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் கேலி செய்யவில்லை, பரிகாரம் சொன்னார். எனக்கு அப்போது அப்படித் தோன்றவில்லை.

என்னையும் கூப்பிட்டார்கள். முழங்கால் வலி என்று சொல்லி வர மறுத்தேன். வலி இருந்தது. ஆனால் அதனால் மறுக்கவில்லை. முன் சீட்டு அவருக்கு, பின் சீட்டு எனக்கு என்பது எனக்கு ஒத்துவரவில்லை.

நான் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட கதையை இங்கே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது விளங்காது. என் வீட்டுக்காரர் இருந்தபோது ஒருமுறை ஊர் பாங்குக்குப் போனோம். என் பேரில் ஏதோ காகிதம். அங்கிருந்த குமாஸ்தா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமலேயே மை டப்பியை என் பக்கம் தள்ளினான். "கைநாட்டுதானே?" என்றான். பின்னால் எங்கள் தோட்டத்தில் களை எடுக்கிற பெண் நின்றிருந்தாள். அவள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். நான் பெருவிரலை மையில் வைத்தேன். வீட்டுக்கு வந்து, ஒன்றாம் வகுப்புப் படித்த என் மகனின் சிலேட்டை வாங்கி, அவனையே சொல்லித்தரச் சொல்லி, என் பெயரை எழுதிப் பழகினேன். பன்னிரண்டு நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு மையைத் தொட்டதில்லை. என் பெயரைத் தவிர மற்றதை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் படிப்பேன். ஒரு வரிக்கு நேரமாகும். பக்கத்தில் ஆள் நின்றால் அதுவும் வராது.

அமெரிக்காவுக்கு வந்து இறங்கிய அன்று ஏர்போர்ட்டில் பத்து விரலையும் கண்ணாடியில் வைக்கச் சொன்னார்கள். "எல்லாருக்கும் இதுதாம்மா" என்றான் மகன். பின்னால் கோட்டுப் போட்ட மனிதர் ஒருவரும் வைக்கிறாரா என்று திரும்பிப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மே மாதம் சம்பந்தியின் பாஸ்போர்ட்டைக் கனடா விசாவுக்கு அனுப்பியிருந்தார்கள். அது திரும்பி வருகிற வாரம் மருமகள் ஆபீஸ் வேலையாக டெக்சாஸ் போக வேண்டியிருந்தது. போகும்போது ஒரு தாளில் தமிழில் பெரிதாக எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள்.

"அத்தை, இதைக் கொஞ்சம் படிச்சுக்குங்க. முக்கியம்."

"வெச்சுட்டுப் போ. படிச்சுக்கறேன்."

ஏர்போர்ட்டில் இருந்து போன் செய்தாள். "படிச்சீங்களா அத்தை?"

"படிச்சேன் படிச்சேன்."

'அத்தை' என்ற முதல் வார்த்தையை மட்டும் படித்திருந்தேன். வழக்கம்போல அடுப்பை அணைப்பது, குப்பை வண்டிக்கு எந்தத் தொட்டியை வைப்பது என்று இருக்கும் என நினைத்தேன். வாயால் சொல்லாமல் எழுதி ஒட்டிவிட்டுப் போகிறாளே என்று கோபமும் இருந்தது. அவள் எழுதியதே என்னைப் படித்தவள் என்று நம்பித்தான்.

செவ்வாய்க்கிழமை மதியம் பெல் அடித்தது. மகன் ஆபீசில், பேத்தி ஸ்கூலில். சம்பந்தி சோபாவில் உட்கார்ந்து தார்ப்பாய்க் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் கதவைத் திறந்தேன். கூரியர்க்காரன், சின்ன வயது, கையில் ஒரு தட்டையான உறை. இங்கிலீஷில் வேகமாக என்னவோ சொன்னான். ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. போன் மாதிரி ஒன்றை என் முன்னால் நீட்டினான். தன் விரலை உயர்த்திக் காட்டி, அந்தக் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினான். விரலை வை என்கிறான்.

என் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். கடல் தாண்டி வந்தும் மை டப்பி என்னை விடவில்லை. அதுவும் இவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது. பேனாவால் எழுதுவதுபோல் கையை ஆட்டிக் காட்டினேன். அவன் பலமாகத் தலையாட்டிவிட்டு மறுபடி விரலைக் காட்டினான். நான் கதவைச் சாத்தினேன்.

"என்னங்க சம்பந்தி, பார்சலுங்களா?"

"ஏதோ விக்க வந்தவன்," என்றேன்.

அவர் முடிச்சைத் தொடர்ந்தார்.

மறுநாளும் வந்தான். சம்பந்தி பின்பக்கம் ஸ்டெப்னியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வண்டி போன பிறகு பார்த்தால் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. கிழித்து, அரிசி டப்பா வைக்கிற அலமாரியில் போட்டேன்.

அன்று சாயங்காலமே டெக்சாஸில் இருந்து மருமகள் கூப்பிட்டாள்.

"அத்தை, பார்சல்காரன் ரெண்டு நாளும் வந்தான், வீட்ல யாரும் சைன் பண்ணலைன்னு போன்ல காட்டுது. யாராச்சும் வந்தாங்களா?"

"இங்க ஒருத்தரும் வரலியே," என்றேன். யோசிக்கவே இல்லை. வாயிலிருந்து தானாக வந்தது.

"எனக்குத் தெரியும். வராமயே வந்தேன்னு போட்டுட்டுப் போயிடறாங்க. இவனுங்களை நம்பினா ஆகாது. நான் பாத்துக்கறேன் அத்தை."

போனை வைத்துவிட்டு ஃப்ரிட்ஜ் முன்னால் போய் நின்றேன். குக்கர் அடுப்பில் இருந்தது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். மூன்று விசில் வந்து நான்காவதும் வந்தது. அணைக்கவில்லை. அவள் எழுதியிருந்தது இதுதான். அத்தை, அப்பா பாஸ்போர்ட் கூரியரில் வரும், பெல் அடித்தால் நீங்களோ அப்பாவோ கையெழுத்துப் போட்டு வாங்கி வையுங்கள், அது வந்தால்தான் அப்பா எங்களுடன் வர முடியும்.

அப்போதே அவளைத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். வந்தான், நான்தான் கதவைச் சாத்தினேன் என்று ஒரு வரி. போன் கையிலேயே இருந்தது. ஏன் சாத்தினீர்கள் என்று கேட்பாள். தாளில்தான் எழுதியிருந்தேனே என்பாள். அதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். நாளைக்கு எப்படியும் வருவான், விரலை வைத்து வாங்கிவிடலாம், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று முடிவு செய்தேன். குழைந்துபோன சோற்றை இறக்கினேன்.

மறுநாள் காலையில் குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு வாசல் அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். யார் பார்த்தாலும் பரவாயில்லை, விரலை வைக்கிறேன் என்று உட்கார்ந்தேன். மூன்று மணி வரைக்கும் இருந்தேன். அவன் வரவில்லை.

யாரும் வரவில்லை என்று நான் சொன்னதை நம்பி, மருமகள் அந்தக் கூரியர் ஆபீசுக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்து, பார்சலை என் மகனுடைய ஆபீஸ் முகவரிக்கு மாற்றச் சொல்லியிருக்கிறாள். பாஸ்போர்ட் இருக்கிற பார்சலுக்கு முகவரி மாற்றக் கூடாதாம். மாற்றச் சொன்னதும் அனுப்பின இடத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி அனுப்ப மூன்று, நான்கு வாரம். கிளம்பும் நாளுக்குப் பதின்மூன்று நாள்தான் இருந்தது. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவன் வியாழக்கிழமை தன்பாட்டில் வந்திருப்பான். சம்பந்தியே எழுந்து போய் வாங்கியிருப்பார்.

வெள்ளிக்கிழமை மருமகள் வந்தாள். கூரியர்க்காரர்கள் எடுத்த போட்டோ அவள் போனில் வந்திருந்தது. எங்கள் வீட்டுக் கதவு, அதில் ஒட்டின சீட்டு, நான் போட்ட கோலம்கூட அதில் தெரிந்தது. வந்தது உண்மைதான் என்று ஆகிவிட்டது. எல்லோரும் மேசையில் இருந்தோம். நான் ரசக் கரண்டியுடன் நின்றேன். அவள் என்னைக் கேட்கவில்லை. நான்தான் யாரும் வரவில்லை என்று சொல்லிவிட்டேனே, என்னை எப்படிச் சந்தேகப்படுவாள்? அவள் தன் அப்பாவைப் பார்த்தாள்.

"நீங்க ஹால்லதானேப்பா இருப்பீங்க? அத்தை சமையல்கட்டுல இருந்தா பெல் கேக்காது. உங்களுக்குமா கேக்கல?"

அவர் தலையை உயர்த்தி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. விற்க வந்தவன் யார் என்பது அந்த நிமிஷம் அவருக்கு விளங்கியது. விளங்கியது எனக்கும் தெரிந்தது.

"அசந்து தூங்கிட்டேன் போலிருக்குது சாமி."

"தூங்கிட்டீங்களா? ஆயுசுக்கும் கண்ணு முழிச்சு லாரி ஓட்டுனவரு, பட்டப்பகல்ல தூங்கறாராம். உங்களுக்காகத்தானேப்பா இவ்ளோவும்?" தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

"வயசாச்சில்ல மாப்ள," என்று என் மகனைப் பார்த்துச் சிரித்தார். பிறகு ரசம் கேட்டார். ஊற்றினேன். கொஞ்சம் அவர் கையில் சிந்தியது. கொதிக்கிற ரசம். "ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க," என்றார்.

பயணத்தை நிறுத்துகிறேன் என்றுதான் மருமகள் நின்றாள். அவர் விடவில்லை. குறித்த புதன்கிழமை அவரே பாலைக் காய்ச்சி மூன்று பேருக்கும் கொடுத்து, நான்கு டயரையும் தட்டிப் பார்த்து, மேலே கட்டின கயிற்றை இழுத்துப் பார்த்து அனுப்பிவைத்தார். முன் சீட்டில் என் மகன் உட்கார்ந்தான். ஜெர்சி சிட்டியில் இருக்கும் என் மகள் வீட்டுக்கு நான் போவதாக இருந்தது. அவரை இங்கே தனியாக விட முடியாது என்று நான் போகவில்லை. சமைத்துப் போட ஆள் வேண்டுமே என்று அதற்கும் என் மகன் என்னைப் புகழ்ந்தான்.

அந்த மூன்று வாரம் வீட்டில் நாங்கள் இரண்டு பேர். அவர் மேப் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். சிக்னல் கிடைத்தால் மருமகள் வீடியோவில் வருவாள். இன்றைக்கு எந்த ரோடு, எண் என்ன என்று கேட்டுக்கொண்டு ஒரு குண்டூசியை நகர்த்துவார். "கண்ணாடியில கல்லு கில்லு பட்டுச்சா?" "மழைல ஜல்லி சேறாயிருக்கும், மெதுவாப் போ." அவ்வளவுதான் பேசுவார். சிக்னல் இல்லாத நாட்களில் குண்டூசி அதே இடத்தில் இருக்கும். அவரும் அங்கேயே இருப்பார்.

அவர்கள் போய் ஒன்பதாம் நாள் மதியம் பெல் அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

"நீங்களே போய் வாங்குங்க சம்பந்தி," என்றார்.

அதே பையன். அதே மாதிரி நீட்டினான். நான் விரலை மடக்கிக்கொண்டு நின்றேன். சம்பந்தி உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்.

"விரல வெக்கறது இல்லீங்க. இங்க பேனா கெடையாது. விரலாலயே கையெழுத்துப் போடோணும். கடையில எல்லாம் அப்படித்தானுங்க. எனக்கும் மொத நாள் ஒண்ணும் புரியல. நம்மளக் கைநாட்டுன்னு நெனச்சுட்டான்னு இருந்துச்சு. பேத்திதான் சொல்லிக் குடுத்தா."

நான் அந்தக் கண்ணாடியில் விரலால் என் பெயரைத் தமிழில் எழுதினேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோலக் கோணலாக விழுந்தது. அந்தப் பையன் "நைஸ்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

உறையைச் சம்பந்தியிடம் கொடுத்தேன். பாஸ்போர்ட்டை எடுத்துப் புரட்டி, விசா ஒட்டின பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுபடி மேப் பக்கம் திரும்பினார். குண்டூசி அன்றைக்குக் கனடாவின் வடகோடியில், யூகானில் இருந்தது.

"நான் சொல்லிடறனுங்க," என்றேன். "அவங்க வந்ததும் மருமககிட்ட நானே சொல்லிடறேன்."

"வேண்டாமுங்க."

"நீங்க எதுக்கு அன்னைக்குத் தூங்குனேன்னு சொன்னீங்க?"

அவர் திரும்பாமலேயே சொன்னார். "நான் ரெண்டு மாசத்துல ஊருக்குப் போயிருவனுங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரே அடுப்புல சமைக்கோணும்."

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மதியம் பணியாரம் சுட்டுக் கொடுத்தேன், அவருக்குப் பிடிக்கும் என்று மருமகள் எப்போதோ சொல்லியிருந்தாள். அதுதான் என்னால் ஆனது.

அவர்கள் திரும்பி வந்தார்கள், ஒரு டயர் வெடித்து, இரண்டாவது ஸ்டெப்னியால் பிழைத்து. அவர் ஆகஸ்டில் ஊருக்குப் போனார். ஏர்போர்ட்டில் என் முன்னால் கைகூப்பினார். இந்தத் தடவை நானும் கூப்பினேன்.

அத்துடன் முடிந்திருந்தால் நானும் இதை என்னோடேயே வைத்துக்கொண்டு போயிருப்பேன். ஆனால் இது இப்போது வீட்டில் ஒரு வேடிக்கைக் கதையாகிவிட்டது. டெக்சாஸில் இருந்து மருமகளின் சிநேகிதி குடும்பம் வந்தால், "எங்கப்பா தூங்கியே விசாவக் கோட்டை விட்டவரு" என்று தொடங்குவாள். கோபமெல்லாம் போய்ச் சிரிப்பாகத்தான் சொல்கிறாள். எல்லோரும் சிரிப்பார்கள். நான் காபி ஆற்றிக்கொண்டு நிற்பேன். ஒரு தீபாவளி, ஒரு பொங்கல், பேத்தியின் பிறந்தநாள். எத்தனை தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

போன மாதம் மறுபடி அந்த மேப்பைச் சுவரில் ஒட்டிவிட்டாள். வரும் ஜூனில் மறுபடி வடக்கே போகத் திட்டம், அப்பாவோடு. அந்த விசா இன்னும் செல்லுமாம். வீடியோவில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"இந்த வாட்டி பக்கத்துல உக்காந்து தூங்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"பாக்கலாம் சாமி," என்றார். "இப்ப கண்ணு வேற ஆபரேசன் பண்ணிருக்குது. நான் தூங்கிட்டா உங்களுக்குத்தான் தொந்தரவு. நீங்க போயிட்டு வாங்க."

அவள் சிரித்துக்கொண்டே பேசினாள். போனை வைத்த பிறகு மேப் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். "என் மேல இன்னும் மனசுல வெச்சிருக்காரு போல அத்தை. அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது," என்றாள். என்னிடம்தான் சொன்னாள். இந்த வீட்டில் மனசு விட்டுச் சொல்ல அவளுக்கு நான்தான் இருக்கிறேன் என்று நினைத்துச் சொன்னாள்.

அன்று மதியம்தான் இந்தப் போனைக் கையில் எடுத்தேன். நேராகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பாதியில் வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். எழுத்தில் விழுந்துவிட்டால் மாற்ற முடியாது. மாற்ற எனக்குத் தெரியாது என்பதும் நல்லதாகப் போயிற்று. கதவிலிருந்து கிழித்த அந்தச் சீட்டும் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. அதை இந்தப் போனுக்குப் பக்கத்தில் எடுத்து வைத்திருக்கிறேன்.

இந்தப் போன் என்ன எழுதியிருக்கிறது என்று நான் கூட்டிப் படித்துப் பார்க்க ஒரு மாதம் ஆகும். சம்பந்திக்கு டிக்கெட் போட அவ்வளவு நாள் இல்லை. மருமகள் மேசையில் உட்கார்ந்து ஜூன் மாதக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பேத்தி மாடியில் இருந்து இறங்கி வருகிறாள்.

கண்ணு, இங்க வா. எனக்குப் படிக்கத் தெரியாது. இதைக் கொஞ்சம் படிச்சுக் காட்டு. மொதல்ல இருந்து படி. சத்தமாவே படி, உங்கம்மாவுக்குக் கேக்கட்டும்.